மீட்டரில் 13.8, மோட்டரில் 7.2

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகும் வழியில் காரின் ஏசி எந்தெந்த இடத்தில் குளிர்கிறது, எந்தெந்த இடத்தில் கைவிடுகிறது என்று ஐயா ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். எழுத்து அச்சுப்போல. செட்டிபாளையம், குளிர். கிரான்குளம், குளிர். ஆரையம்பதி, குளிர். காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் தொடங்கும் இடத்திலிருந்து சூடு. கல்லடிப் பாலத்தில் திரும்பவும் குளிர். ஆஸ்பத்திரி வாசலில் சூடு.

"மூண்டு இடத்தில காட்டிட்டன் தம்பி. காசு போனதுதான் மிச்சம். அம்மாவுக்கு மூச்சுக் கஷ்டம். கண்ணாடியத் திறந்தா புழுதி, பூட்டினா வேக்காடு. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறதே தண்டனையாப் போயிற்று."

ஆடி மாதம். கச்சான் காற்று பெரியகல்லாற்றில் என் கராஜின் தகரத்தைப் பிய்த்தெறிகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று உடம்பில் பட்டாலே தோல் காய்ந்துவிடும். அதற்குள் அந்த அம்மா பின்சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஐயா எழுதிக் கொண்டுவந்த கடதாசியிலேயே பாதிப் பதில் இருந்தது. கார் ஓடும்போது முன்பக்கக் காற்று தானாகவே, கிரில்லுக்குப் பின்னால் கேஸின் சூட்டை ஆற்றும் கொண்டென்சருக்குள் புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும். சனநெரிசலில் ஊரும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன் செய்யாவிட்டால் சூடு வெளியேற வழியில்லை, பைப்புக்குள் அமுக்கம் ஏறும். ஆர்134ஏ என்ற ஏசி கேஸில் ஓடும் பல ஜப்பான் கார்களில் அது சுமார் 450 பிஎஸ்ஐயைத் தொட்டதும் அமுக்கச் சுவிச், கேஸை அமுக்கும் கொம்பிரசரை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் பைப் வெடிக்கவும் கூடும். காத்தான்குடி நெரிசலில் சூடு, பாலத்தில் குளிர் என்றால் கேஸ் போதாத காராக இருக்க வாய்ப்புக் குறைவு. பொனட்டைத் திறக்க முதலே என் சந்தேகம் முன்பக்க ஃபேனில்தான் விழுந்தது.

ஆனால் முதல் இடத்தில் கேஸ் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் ஃபேனுக்குக் கறண்ட் விடும் சுவிச்சான ரிலேயை மாற்றி, மேலும் கொஞ்சம் கேஸ் அடித்திருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் மோட்டரே பழுது என்று சொல்லி, கொழும்பிலிருந்து பாவித்த மோட்டர் ஒன்றை எடுப்பித்து 14,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று இடத்திலும் ஃபேனைப் பார்த்திருக்கிறார்கள். "சுத்துதுதானே" என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், சுற்றியது. என்ன பலத்தில் சுற்றுகிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். ஐயாவின் கடதாசியையே வாங்கி கிரில்லில் வைத்துக் கையை எடுத்தேன். நல்ல ஃபேன் என்றால் கடதாசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இது வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது.

கேஸின் அமுக்கம் பார்க்கும் கேஜைக் கொழுவினேன். கூடிய அமுக்கத்தைக் காட்டும் சிவப்புப் பக்கம் 340ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாளி தண்ணீரை எடுத்துக் கொண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினேன். முள் 210 வரைக்கும் இறங்கியது. உள்ளே இருந்த அம்மா, "தம்பி, இப்ப குளிருது" என்றார். கேஸ் ஓடுகிறது, கொம்பிரசர் அமுக்குகிறது, சூடு வெளியேறத்தான் வழியில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. வீட்டில் நீங்களும் செய்யலாம். கையை மட்டும் ஃபேனுக்குள் நீட்டாதீர்கள். பல கார்களில் என்ஜின் நின்றிருந்தாலும் சாவி போட்டிருந்தால் ஃபேன் சடுதியாகக் கிளம்பும். விரலை இழந்தவரை எனக்குத் தெரியும்.

இனித்தான் மின்சாரம். இந்தக் கார் 1998ஆம் ஆண்டுக் கொரோலா. யாரோ முன்னொரு காலத்தில் வயரிங்கைப் பிரித்து, கொண்டென்சர் ஃபேனுக்குத் தனி ரிலே போட்டிருந்தார்கள். பற்றரியிலிருந்து 30 ஆம்பியர் பியூஸ், அதிலிருந்து ரிலேயின் 30ஆம் கால், 87ஆம் காலிலிருந்து மோட்டர், மோட்டரிலிருந்து காரின் பொடியில் எர்த், அதாவது கறண்ட் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. நேரான வழி. மற்றவர்கள் மோட்டரின் சொக்கட்டைக் கழற்றி, அதற்குள் மீட்டர் குத்திப் பார்த்திருக்கிறார்கள். 13.8 வோல்ட் காட்டியிருக்கும். நானும் குத்திப் பார்த்தேன், 13.8 காட்டியது. "கறண்ட் வருது, மோட்டர்தான் பிழை" என்ற முடிவு அங்கேதான் பிறந்திருக்கிறது.

இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் மக்களின் காசு அதிகம் வீணாவது இங்கேதான்.

மீட்டர் கறண்டைக் குடிக்காது. வயருக்குள் முப்பது இழை இருந்து இருபத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது 13.8 என்றுதான் காட்டும். வயல் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். வயலுக்குத் தண்ணீர் விடும் வக்கடையைக் கட்டிவைத்திருந்தால், மேலே வாய்க்கால் தூர்ந்து நண்டு வளை அளவு ஓட்டைதான் மிஞ்சியிருந்தாலும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மட்டம் சரிசமனாக நிற்கும். வக்கடையை வெட்டிவிட்டால்தான் தெரியும் எவ்வளவு வருகிறது என்று. கணக்கும் லேசானது. அரை ஓம் தடை என்றால் ஒன்றுமில்லாத மாதிரித்தான் தோன்றும். அதற்குள்ளால் 10 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். 10 ஆம்பியர் ஓடாதபோது அந்த 5 வோல்ட் இழப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சொக்கட்டைக் கழற்றாமலே அளக்க வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் காத்தான்குடியில் ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரிடம் மீட்டர் இருந்தது, ஆனால் முதலில் எடுக்க மாட்டார். பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் ஒட்டி வைத்திருப்பார். 55 வாட் பல்ப், நாலரை ஆம்பியர் குடிக்கும். மோட்டரைக் கழற்றிவிட்டு அந்தச் சொக்கட்டில் பல்பைக் கொழுவுவார். பளீரென்று எரிந்தால் வயர் சுகம். அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்தால் வழியில் எங்கோ நோய். "மீட்டர் கேக்கும், பல்ப் வேல வாங்கும் மன" என்பார். இன்றைக்கும் என் மேசை லாச்சியில் அவர் தந்த பல்ப் கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை. மோட்டர், லைட் போன்ற தடித்த வயருக்கு மட்டும்தான் இது. கம்பியூட்டர் பெட்டிக்குப் போகும் மெல்லிய வயரிலோ, மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயரிலோ பல்பைக் கொழுவினால் சோதனை அல்ல, சேதம்தான் நடக்கும்.

சொக்கட்டின் பின்பக்கத்தால், வயர் ஓரமாக இரண்டு குண்டூசிகளைச் செருகினேன். ஃபேன் ஓடுகிறது. இரண்டு ஊசிக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன். 7.2.

பற்றரியில் 13.8. மோட்டருக்குப் போய்ச் சேர்வது 7.2. மிச்சம் 6.6 வோல்டை யாரோ வழியில் தின்கிறார்கள். பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து மோட்டரின் பிளஸ் ஊசிக்கு மீட்டர் வைத்தேன், 0.4. பியூசும் ரிலேயும் வயரும் சேர்த்து அவ்வளவுதான். மோட்டரின் மைனஸ் ஊசியிலிருந்து பற்றரியின் மைனஸுக்கு வைத்தேன். 6.2.

மைனஸ் பக்கத்தில் 0.2க்கு மேல் போனாலே நான் சும்மா விட மாட்டேன். இது 6.2.

அந்த மைனஸ் வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனேன். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே, பற்றரித் தட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட். பெருவிரல் பட்டதும் இழுத்துக்கொண்டேன். கொதித்தது. என்ஜின் சூடு அந்த இடத்துக்கு வராது. ஃபேனைச் சுற்ற வேண்டிய கறண்ட் அந்த போல்டைச் சுட்டுக்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தேன். எப்போதோ முன்பக்கம் அடிபட்டு, பட்டி வைத்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெயின்டின் மேலேயே வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். போல்டின் புரி வழியாக மட்டும் கொஞ்சம் கறண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதையும் துரு தின்றுவிட்டது. வளையத்தோடு வயர் சேரும் இடத்தில் உறையைக் கீறினேன். செம்பு இல்லை. பச்சையும் கறுப்புமாக ஒரு பொடி. நகத்தால் தட்டினால் உதிர்ந்தது. இன்னும் நாலு விரற்கடை உள்ளே வெட்டிய பிறகுதான் செம்பு செம்பாகத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. கல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காலையில் பொனட்டைத் தொட்டால் கையில் உப்புப் பிசுபிசுக்கும். மழை காலத்தில் ரோட்டில் நிற்கும் தண்ணீருக்குள்ளால் ஓட்டாத வாகனம் இந்த மாவட்டத்தில் இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்த காரைத்தான் எல்லோரும் இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். என்ஜினைத் திருத்தினார்கள், பெயின்ட் அடித்தார்கள், சீட் தைத்தார்கள். எர்த் போல்டை யார் கழற்றிப் பார்ப்பார்கள்?

இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன். புது வளையம், குறட்டால் நன்றாக நசுக்கி அதன் மேல் ஈயம். போல்டை இறுக்கிய பிறகு மேலே வசலின். முதலில் வசலின் பூசிவிட்டு இறுக்கக் கூடாது, வளையமும் இரும்பும்தான் நேரே முட்ட வேண்டும். ஃபேனைப் போட்டதும் சத்தமே மாறியது. மைனஸ் பக்கம் 0.08. மோட்டரில் 13.2. கடதாசி கிரில்லில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. ஐயா தானே ஒரு முறை கழற்றி வைத்துப் பார்த்தார். கூடுதலாக அடித்திருந்த கேஸை ஏசி வேலை செய்யும் நண்பர் மெஷினில் உறிஞ்சி எடுத்து, பொனட்டுக்குக் கீழே எழுதியிருந்த நிறைக்கே திரும்ப அடித்துக் கொடுத்தார்.

நான் 2,500 ரூபாய் வாங்கினேன். சந்தோசமாகப் போனார்கள். ஒரு காரியத்தை நான் செய்யாமல் விட்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நடுவில் ஒரு டீச்சர் வந்தார். அவருடைய வேகன் ஆரில் உள்ளே ஊதும் புளோவர் நாலாம் நம்பரில் மட்டும் ஊதுகிறது, ஒன்று இரண்டு மூன்றில் சத்தமே இல்லை. இப்படி ஒருவர் சொன்னால் சுவிச்சையோ மோட்டரையோ கழற்ற முதல், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். நாலாம் நம்பரில் கறண்ட் அதைச் சுற்றிக்கொண்டு நேரே போகும், கீழ் நம்பர்கள் எல்லாம் அதற்குள்ளால்தான் போக வேண்டும். அதைப் புளோவர் காற்று படும் இடத்தில்தான் பூட்டியிருப்பார்கள், சூடு ஆறுவதற்கு. காற்று குறைந்தால் அது எரியும். டீச்சரின் கார் தினமும் பாடசாலை வேப்ப மரத்துக்குக் கீழே நிற்கிறது. டேஷ்போட்டுக்குக் கீழேயிருந்து காய்ந்த வேப்பம்பூவும் இலையும் இரண்டு கைப்பிடி அள்ளினேன். அதை அள்ளாமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டு மாதத்தில் திரும்ப வந்திருப்பார்.

புளோவரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழக்கப்பட்டவர்களையும் ஏமாற்றும். பல ஜப்பான் கார்களில் சாவி போட்டிருந்தால் பிளஸ் மோட்டரிலேயே நிற்கும், சுவிச் எர்த் பக்கத்தில்தான் இருக்கும். சுவிச்சை நிறுத்திவிட்டு மோட்டரின் இரண்டு வயரிலும் எர்த்தோடு அளந்தால் இரண்டிலும் 12 காட்டும். பயப்பட வேண்டாம், அது சரிதான். சுவிச்சைப் போட்ட பிறகும் இரண்டிலும் 12 நின்றால் எர்த் பக்கம் அறுந்திருக்கிறது, ரெசிஸ்டரையோ சுவிச்சையோ தேடுங்கள். ஒன்றில் 12, மற்றதில் பூச்சியம், மோட்டரோ அசையவில்லை என்றால் மோட்டருக்குள்தான் பழுது. ஸ்குறூ ட்ரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால், மோட்டருக்குள் கறண்ட் கொடுக்கும் காபன் தேய்ந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் ஐயா ஃபோன் எடுத்தார். குரலில் கோபமில்லை, அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. "தம்பி, ஃபேன் அடியோட நிண்டிட்டு. அம்மாவ பஸ்ஸில கூட்டிட்டு வந்தன்."

களுவாஞ்சிகுடிக்கு நானே போனேன். ரிலேயைப் பிடுங்கினேன், பிளாஸ்டிக் மண்ணிறமாக வெந்திருந்தது. அது செருகும் சொக்கட்டில் 87ஆம் காலின் தகடு நீலம் பாய்ந்து, பிடிமானம் இழந்து விரிந்திருந்தது. பியூஸ் மட்டும் சுகமாக இருந்தது. அந்தச் சொக்கட்டில் 30க்கும் 87க்கும் தடித்த வயரால் பாலம் போட்டேன், ஃபேன் ஓடியது. ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன். 18 ஆம்பியர்.

நான் செய்யாமல் விட்டது இதுதான். எர்த்தைத் திருத்திய அன்று வோல்டைப் பார்த்தேன், ஆம்பியரைப் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த அந்த மோட்டரை 7 வோல்டில் யாரும் முழுதாக வேலை வாங்கவில்லை. 13 வோல்ட் கொடுத்ததும் அது தன் குணத்தைக் காட்டியது. என்ஜினை நிறுத்தி, பியூஸைக் கழற்றிவிட்டு ஃபேனை விரலால் சுற்றினேன். நல்ல மோட்டர் என்றால் சில சுற்றுச் சுற்றி நிற்கும். இது முக்கால் சுற்றில் நின்றது. சுற்றும் தண்டைத் தாங்கும் புஷ் பிடித்துக்கொண்டு நின்றது. 18 ஆம்பியருக்கு 30 ஆம்பியர் பியூஸ் எரியாது. பழைய ரிலேச் சொக்கட்டின் தகடு தாங்காது. வழியில் எது மெலிந்ததோ அதுதான் வெந்திருக்கிறது.

"ஐயா, முதல் மோட்டர எறிஞ்சிட்டீங்களா?"

"நான் ஏன் தம்பி எறியிறன்? காசு குடுத்து வாங்கின காரில வந்த சாமான்." பின்பெட்டியைத் திறந்தார். தினகரன் பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் பார்சல் கட்டுகிற மாதிரிக் கட்டி வைத்திருந்தார். முடிச்சைப் பார்த்தாலே தெரியும் தபால் கந்தோர் கை என்று.

பற்றரியில் நேரடியாகக் கொழுவினேன். கிளம்பும்போது ஒரு துள்ளல், பிறகு 9.5 ஆம்பியரில் நின்றது. வயரை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மோட்டர் ஒரு நாளும் பழுதாகவில்லை. மோட்டரைக் கழற்ற முன் யாராவது மைனஸ் பக்கத்தில் மீட்டரை வைத்திருந்தால் ஐயாவின் 14,000 ரூபாய் பையிலேயே இருந்திருக்கும், அம்மா அத்தனை கிளினிக்குக்கு வேக்காட்டில் போயிருக்கத் தேவையில்லை. இரண்டு பேரும் ஓய்வூதியத்தில் சீவிக்கிறவர்கள்.

பழைய மோட்டரைப் பூட்டினேன். புதுச் சொக்கட், புது ரிலே. அன்றைக்கு ஐயா நீட்டிய காசை வாங்க எனக்கு மனம் வரவில்லை. தேநீர் தந்தார்கள், குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்த ஃபேன் வேலை வந்தாலும் நாலு எண் எழுதாமல் காரை விடுவதில்லை. பற்றரி, மோட்டர், மைனஸ் பக்க இழப்பு, ஆம்பியர். அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் வந்தால் ஆரஞ்சு வயரின் பக்கமே கை வைக்காமல், 12 வோல்ட் பக்கத்தை மட்டும் பார்த்து எழுதுகிறேன். அவற்றில் கொம்பிரசரே உயர் வோல்டில் ஓடுகிறது. அதற்குரிய படிப்பும் கையுறையும் உள்ளவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

ஐப்பசி தொடக்கத்தில், மழை இறங்க முன், ஐயாவின் காரை வரச் சொல்லி ஒரு முறை பார்த்தேன். 13.9, 13.3, 0.09, 9.6. போல்டின் மேல் வசலின் அப்படியே இருந்தது, கொஞ்சம் புழுதி மட்டும் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். ஐயா சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய கடதாசியை எடுத்துக் கிரில்லில் வைத்தார். ஒட்டியது. தை மாதம், வெள்ளம் வடிந்த பிறகு, இன்னொரு முறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.